வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் முன்...

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. பல வருடங்களாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. மாதாமாதம் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டுகிறோம். முட்டி வலியோடு அத்தை படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. சென்னையில் இருக்கும் கொழுந்தனார், "வீடியோ காலிலேயே காட்டிடலாமே" என்கிறார். அத்தையோ, "தொட்டுப் பாக்காம என்ன வைத்தியம்?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, கடையநல்லூர்

பதில்: உங்கள் அத்தையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சர்க்கரை நோயில் தொட்டுப் பார்த்தே தீர வேண்டியவை உண்டு. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். விழித்திரையைக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனைகளுக்கு நேரில் போகத்தான் வேண்டும்.

மற்ற மாதங்களில் என்ன நடக்கிறது? சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ, அதே மருந்தைத் தொடரச் சொல்வதோதான் பெரும்பாலும். அதற்காக முட்டி வலிக்காரரைப் பஸ் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஏதோ ஒரு செயலியில் முதலில் கிடைக்கும் டாக்டரிடம் பேசுவதை நான் ஆதரிக்க மாட்டேன். திருநெல்வேலி டாக்டரிடமே வீடியோவில் பார்ப்பாரா என்று கேளுங்கள். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டரிடம் அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் மறுபடி பேசுவதைத் தொடர் ஆலோசனை என்று தனியாக வகுத்திருக்கின்றன. முதன்முறையாகப் பார்ப்பவரைவிட, தொடர்ந்து பார்ப்பவருக்கு மருந்து எழுத அங்கே இடம் அதிகம். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை எடுக்கும்போது நேரில், நடு மாதங்களில் வீடியோவில் என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் வேலை. திரையில் பார்க்கும் டாக்டருக்கு வீட்டில் இருப்பவரின் கைதான் கை. பேசப்போகும் நாளுக்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்துத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பார்க்கும் முறை முக்கியம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ரவிக்கைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது, வெறும் தோலில் சுற்ற வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். அவசரத்தில் எடுத்த ஒரே ஒரு அளவை நம்பி மாத்திரையைக் கூட்டிவிட்டால், வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சொல்வதை நோட்டில் குறித்து வையுங்கள்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது "சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு அட்டையையும் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி கேமரா முன்னால் காட்டுங்கள். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையை மறைக்க வேண்டாம். சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் அதையும் காட்டுங்கள். ரிப்போர்ட்டுகளைப் பகல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்துப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

கால் வீக்கம் இருந்தால் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டை விரலால் ஐந்து விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்று கேமராவில் காட்டுங்கள். இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் கட்டாயம் காட்டுங்கள். ஜன்னல் அத்தையின் முதுகுப் பக்கம் இருந்தால் டாக்டருக்கு முகம் கறுப்பாகத்தான் தெரியும், எதிரே இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. அத்தை பேசட்டும். வீடியோ அழைப்புகளில் நோயாளியை ஓரத்தில் உட்காரவைத்து மகனும் மருமகளுமே பதில் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. அவர் எப்படிப் பேசுகிறார், பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்பதே எங்களுக்கு ஒரு பரிசோதனை. சிறுநீர் கசிவு போன்ற சங்கடங்களைப் பிள்ளைகள் எதிரில் சொல்லத் தயங்குவார். கடைசி இரண்டு நிமிடம் அவரைத் தனியே பேச விடுங்கள்.

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் என்றால் வீடியோ வேண்டவே வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: என் குழந்தைக்கு 14 மாதம். காய்ச்சலுக்கு வீடியோவில் பார்த்த டாக்டர் கால் மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, மருந்து எழுதாமல் நேரில் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு ஃபீஸ்?
- வாசகி, ஓசூர்

பதில்: அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார், சகோதரி. காதுக்குள்ளும் தொண்டைக்குள்ளும் பார்க்காமல், நெஞ்சில் ஸ்டெத் வைக்காமல் ஆன்டிபயாடிக் எழுதித் தருபவரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். இன்றைக்கே நேரில் வர வேண்டுமா, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று சொல்வதும் வைத்தியம்தான். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் வீடியோவுக்கே போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை பேசும் முன், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். உங்கள் குழந்தையின் வயதில் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எல்லை 50. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டாலோ அழைப்பை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். எடையையும் தெரிந்து வையுங்கள். பாராசிட்டமால் அளவை எடையை வைத்துத்தான் சொல்வோம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. பாட்டிலின் லேபிளைக் காட்டாமல் "எத்தனை மில்லி கொடுக்கட்டும்?" என்று கேட்டால் அளவு இரட்டிப்பாகிவிடக்கூடும்.

கட்டணம் சிரமமாக இருந்தால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தபடியே மொபைல் எண்ணைப் பதிந்து, டோக்கன் பெற்று, காசில்லாமல் டாக்டரிடம் பேச அது வழி செய்கிறது.

கேள்வி: தூக்கம் வராமல் முன்பு போட்டுக்கொண்டிருந்த அல்பிரசோலாம் மாத்திரையை, வீடியோவில் பேசிய டாக்டர் எழுதித் தர மறுத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் வேறொருவர், பணம் போட்டால் சீட்டு அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வாங்காதீர்கள். அந்த மாத்திரை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது விதி, மறுத்தவர் விதிப்படி நடந்திருக்கிறார். இப்போதும் தினமும் போடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது, வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவரை நேரில் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம்.

டாக்டர் தன் பெயரையும் பதிவெண்ணையும் சொல்ல வேண்டும், சீட்டிலும் அது இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிந்தவரா என்று இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பதிவெண் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.