பதினான்காம் இடம்

சீருடற்பயிற்சி என்பது உடலைத் தன்வயப்படுத்தி ஆளும் அருங்கலை. ஜிம்னாஸ்டிக்ஸ் என்று மேலை நாட்டார் வழங்கும் இக்கலையில் மகளிர்க்கு நான்கு பிரிவுகள் உள்ளன. விரைந்து ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுதல் ஒன்று. ஏற்ற இறக்கமாய் அமைந்த இரு கம்பிகளைப் பற்றிச் சுழலுதல் ஒன்று. விரிப்பின்மேல் இசைக்கேற்பக் கரணமிடுதல் ஒன்று. எஞ்சிய ஒன்று தூலத்தின்மேல் நிகழ்வது. அத்தூலம் 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நிலத்தினின்றும் 125 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பது. உள்ளங்கையளவே அகலமுள்ள அதன்மேல் ஒரு சிறுமி பின்புறமாகக் கரணமிட்டு, மீண்டும் அதன்மேலேயே காலூன்றி நிற்கின்றாள்! காண்போர் மூச்சடங்கி வியப்பர். நடுவரோ, முழங்கால் மடங்கிற்றா, கால்நுனி நீண்டிருந்ததா என நோக்கிப் புள்ளியில் பத்தில் ஒரு கூற்றையும் விடாது கழிப்பர்.

இத்தகைய ஆட்டத்தில் அணிக்கெனத் தெரிந்தெடுக்கப்படுவோர் மிகச் சிலர். பல்லாண்டுகள் பயின்றும் விடுபட்டுப் போவோர் மிகப் பலர். அணி வெளியிடப்பெறும் நாளில் தன் பெயரைக் காணாத குழந்தைக்கு உடனிருப்போர் செய்யத்தக்கது யாது?

ஐக்கிய அமெரிக்க நாட்டில் சிமோன் பைல்ஸ் என்னும் பெண் 1997-ஆம் ஆண்டு பிறந்தாள். ஈன்ற தாய் வளர்க்க இயலாத நிலையில் இருந்தமையால், பாட்டனாராகிய ரொனால்டு என்பாரும் அவர்தம் துணைவி நெல்லி என்பாரும் அவளையும் அவள் தங்கையையும் தெக்சாசு மாநிலத்தில் இருந்த தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, 2003-இல் முறைப்படி தம் மக்களாகவே ஏற்றனர். ஆறாம் அகவையில் ஒரு பயிற்சிக்கூடத்தைக் காணச் சென்ற அச்சிறுமி, அங்கே பயின்றவர்களைப் பார்த்துத் தானும் அவ்வாறே துள்ளினாள். அன்று தொடங்கியது அவள் பயிற்சி.

2011-ஆம் ஆண்டு இளையோர்க்கான நாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போது சிமோனுக்கு அகவை பதினான்கு. தேசிய அணியில் பதின்மூவர்க்கு இடம் இருந்தது. அவள் பெற்றதோ பதினான்காம் இடம்!

முப்பதாம் இடத்தைப் பெற்றவளுக்கு இத்துணைத் துயர் இராது என்று நான் எண்ணுகின்றேன். ஒரே ஒரு படி! எந்தக் கரணத்தில், எந்த நொடியில் அது நழுவிற்று என்று நெஞ்சம் ஓயாது தேடிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் பெரியோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. அழுகை அடங்குமுன்னரே அறிவுரை கூறத் தொடங்கிவிடுவர். நானும் அப்பிழை செய்தவனே. முன்னொரு காலத்தில், ஆட்டக் குழுவினின்று நீக்கப்பட்ட ஒரு மாணவனிடம், “இதற்கா வருந்துகின்றாய்? அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அவன் தலைகவிழ்ந்து, “சரி ஐயா” என்று சொல்லி அகன்றான். அதன்பின் அதுபற்றி அவன் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்கு ஓர் ஆண்டு என்பது எத்துணை நெடியது என்பதை நான் எண்ணிப் பார்த்திலேன்.

முதல் நாளில் வேண்டுவது சொல் அன்று, துணை. அருகில் அமர்தலும், உண்ணச் செய்தலும், அழுதால் அழவிடுதலும் போதும். குழந்தையை ஆற்றுவதாக எண்ணி நடுவரைத் தூற்றுதலும், தெரிந்தெடுக்கப்பட்ட மற்றவரை இகழ்தலும் ஆகா. அம்மற்றவர் யாவர்? அவளோடு நாள்தோறும் பயின்ற தோழியர் அல்லரோ? அவர்களை இகழ்ந்தால், இடத்தை இழந்தவள் தோழமையையும் இழப்பாள்.

மாணவர்களே! உங்கள் உடன்பிறந்தாளோ தோழனோ இந்நிலையில் இருக்கக்கூடும். அவரைக் கண்டதும் விலகிச் செல்லாதீர்கள். என்ன பேசுவது என்று அறியாமல் நாம் ஒதுங்குகின்றோம். அவரோ நாம் வெறுத்தோம் என்று கொள்வார். வழக்கம்போல் அழைத்துச் சென்று, வழக்கம்போல் பேசியிருத்தலே போதுமானது.

சில நாள் கழிந்தபின், குழந்தையே கேட்குமாயின், காரணத்தை ஆராயலாம். அதனை ஆசிரியரிடம் அக்குழந்தையே கேட்டறிதல் நன்று. சில வேளைகளில் யார்மீதும் குற்றம் இராது. பன்னிரண்டு முதல் பதினைந்து அகவைக்குள் உடல் விரைந்து வளரும், கைகால் நீளும், எடை மிகும். நேற்று எளிதாய் வந்த கரணம் இன்று பிறழும். இதனை அறியாத குழந்தை தன்னைத்தானே நொந்துகொள்ளும்.

சிமோனின் செய்தியில் காரணம் தெளிவாகவே இருந்தது. வாரத்திற்கு ஏறத்தாழ இருபது மணி நேரமே அவள் பயின்று வந்தாள். கம்பிப் பயிற்சியில் அவளுக்குத் திறன் குறைவு. பயிற்சியைப் பெருக்க வேண்டுமாயின் பள்ளிக்குச் செல்வதை விட்டு வீட்டிலிருந்தே கற்க வேண்டும். தோழியரைப் பிரிவதோ அவளுக்குப் பெருந்துயர். எனினும் வீட்டுக் கல்வியையே மேற்கொண்டாள். பயிற்சி வாரத்திற்கு முப்பத்திரண்டு மணி நேரமாயிற்று. மகிழ்ச்சியின்றிப் பயிலும் பயிற்சி பயன்படாது என்னும் கொள்கையுடைய எய்மி பூர்மன் என்பார் அவளுக்கு ஆசிரியராய் வாய்த்தார். மறு ஆண்டு அவள் அணியில் இடம் பெற்றாள். 2013-இல் உலகப் போட்டியில் முதல்வியானாள்.

ஆனால், விடுபட்டவர் அனைவரும் இவ்வாறு வாகை சூடுவர் என்று உங்களுக்குச் சொன்னால் அது பொய்யாகும். பெரும்பாலோர் சூடுவதில்லை. சிலர் ஆட்டத்தையே விட்டுவிடுவர். அதுவும் அவர்தம் உரிமை. உருசிய நாட்டில் எலேனா இசின்பாயேவா என்பவர் ஐந்தாம் அகவை முதல் பதினைந்தாம் அகவை வரை இக்கலை பயின்றார். உயரம் மிகுந்துவிட்டமையால் அவர் அதனைத் துறக்க நேர்ந்தது. அவருடைய பயிற்சி ஆசிரியர் “இனி நீ வேண்டா” என்று கதவை அடைத்தாரல்லர். கோலூன்றித் தாண்டும் ஆட்டத்தின்பால் அவரைத் திருப்பினார். கம்பியில் சுழன்று பழகிய உடலுக்குக் கோலைப் பற்றி எழுதல் எளிதாயிற்று. தடையாயிருந்த உயரமும் துணையாயிற்று. 2005-இல் 5 மீட்டர் தாண்டிய முதற் பெண்மணி அவரே.

சிமோனின் வாழ்விலும் இன்னொரு நாள் வந்தது. 2021-இல் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. அணிகளுக்கான இறுதிப் போட்டியில் முதல் தாவலின்போது, வானில் தம் உடல் எத்திசை நோக்கியுள்ளது என்னும் உணர்வு அவருக்குப் பிறழ்ந்தது. அந்நிலையில் ஆடினால் கழுத்து முறியவும் கூடும். எனவே அவர் தாமே விலகிக்கொண்டார். உலகமெங்கும் பேச்சு எழுந்தது, ஏசினோரும் உண்டு. அவரோ அரங்கை விட்டு அகன்றாரல்லர். போட்டி உடைக்குமேல் வேறோர் உடை அணிந்து வந்து, எஞ்சிய தோழியர் மூவரும் ஆடி முடிக்குந்தோறும் ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அம்மூவரும் ஆடிப் பெற்ற வெள்ளிப் பதக்கத்தை நால்வருமாய் நின்று ஏற்றனர்.