சொல்லத் தயங்கும் வலியும் அதற்குரிய சிகிச்சையும்

இன்று சிலாங்கூரின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், முன்னாளில் சுங்கை ரெங்கம் என்னும் பெயருடன் ரப்பரும் செம்பனையும் செழித்த தோட்டப் புறமாகும். 1978-ஆம் ஆண்டு அது தலைநகராயிற்று. 2015 முதல் அங்கு ஓர் அரசாங்க மருத்துவமனையும் இயங்கி வருகிறது. பேறுகாலத்திற்கு இத்தகைய மருத்துவமனையை நாட நம் பெண்கள் தயங்குவதில்லை. ஆனால், பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பெற்ற தாயிடமும் சொல்லாமல் மறைப்போர் உளர்.

இவ்வலி மிளகாய் பட்டாற்போல் எரியும். சிலருக்கு ஊசி குத்துவது போலிருக்கும். நெடுநேரம் உட்கார்ந்தாலும், மோட்டார் சைக்கிளில் சென்றாலும், இல்லற உறவின்போதும் மிகும். பார்வைக்குப் புண்ணோ வீக்கமோ இராது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, தெளிவான காரணம் எதுவும் புலப்படாவிடில், மருத்துவர்கள் இதனை 'வல்வோடைனியா' என்பர். நரம்புகள் அளவு கடந்து கூருணர்வு பெறுவதும், இடுப்படித் தசைகள் இறுகிப் போவதும் இதில் பங்கு பெறுகின்றன. இது தொற்றுநோயன்று, புற்றுநோயன்று, ஒழுக்கக் கேட்டினால் வருவதுமன்று. மனைவி விலகுவதை அன்பின்மை எனக் கொள்ளும் கணவர்கள் இதனை அறிதல் நன்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிப் பெண்களிடையே நடந்து, 2003-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் இத்தகைய வலியை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் அனுபவித்ததாகக் கூறினர். அவர்களுள் 40 விழுக்காட்டினர் அளவில் சிகிச்சையே நாடவில்லை. நாடியவர்களிலும் பலர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைக் காண நேர்ந்தது. படித்த நகரத்துப் பெண்களின் நிலையே அதுவெனில், லயன் வீட்டுப் பெண்ணின் கூச்சத்தைக் குறை கூறுவதற்கில்லை.

பரிசோதனையின்றி, கடையில் பூஞ்சைக் களிம்பை மீண்டும் மீண்டும் வாங்கிப் பூசுவது தவறு. பூஞ்சைத் தொற்றும், வெண்திட்டுடன் அரிக்கும் தோல் நோயும், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒவ்வொன்றிற்கும் மருந்து வேறு. மருத்துவர் ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு, வலிக்கும் இடத்தைக் கண்டறிவார். சில நிமிடங்களில் அது முடிந்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்கதும் உண்டு. அவ்விடத்தைச் சவர்க்காரமும் கிருமிநாசினியுமின்றி வெறும் நீரால் கழுவுக. வேப்பிலை, மஞ்சள் கலந்த நீரைப் பாட்டிமார் நல்லெண்ணத்துடன் தருவர். எரியும் தோலுக்கு அதுவும் வேண்டாம். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடையை மாற்றிப் பருத்தி உள்ளாடை அணிக. பாலில் கலக்கும் அம்மோனியாவோ அமிலமோ பட்ட கையைக் கழிவறைக்குச் செல்லுமுன்னரே கழுவுக.

சிகிச்சையில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் களிம்பும், இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. சிலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை தரப்படும். அது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்தே, அதனால் "எனக்குப் பைத்தியம் என்றா நினைத்தார்?" என்று வருந்தி அதனை எறிந்துவிட வேண்டாம். நரம்பு வலியைத் தணிக்கவே அது தரப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முழு நிவாரணத்திற்கு மாதங்களும் ஆகலாம். ஒரு முறை பயன் தராவிடில் மற்றொன்று முயலப்படும். அறுவை மருத்துவம் வேறு வழிகள் பயனளிக்காத சிலருக்கு மட்டுமே.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. குறையாவிடில், மகளிர் நோய் நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தைத் தயங்காது கேளுங்கள். ஷா ஆலம் மருத்துவமனையிலும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் அப்பிரிவு உண்டு. வலி தொடங்கிய மாதம், மிகும் நேரம், பூசிய மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். எரிச்சலைத் தேசிய மொழியில் 'பெடிஹ்' என்பர். பெண் மருத்துவர் வேண்டுமெனில் 'டொக்டர் வனித்தா' என்று முகப்பிலேயே கேட்கலாம்.