90 ரூபாய்ப் பிடித்தமும் 78 நாளும்

காரைக்குடியில் ஜவுளிக்கடை, விடுதி, அரிசி ஆலை என்று சில இடங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் போடும் நாளில் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: "அண்ணே, நான் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்ல, எனக்கு எதுக்குப் பிடிக்கிறீக?"

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிக்கும் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல. வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகையும் அதற்குள்தான் இருக்கிறது. வேலையிழப்புக்கென்று நம் நாட்டில் தனிப் பிடித்தம் இல்லை. தொழிலாளியிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

10 பேராவது வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முறையே 90 ரூபாய், 390 ரூபாய். முதலாளி தன் பங்கைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளச் சீட்டில் 480 ரூபாய் பிடித்திருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

தொகையைவிட முக்கியம் நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று வருஷத்தை இரண்டு சந்தா காலமாகப் பிரித்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் உதவி பெற, இரண்டு வருஷமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதாவது சராசரியாக மாதம் 13 நாள். நான் பார்த்த ஒரு கடையில், மாதம் முழுக்க நின்று விற்ற பெண்ணுக்கு, சந்தாவை மிச்சம் பிடிக்க 10 நாள் என்றே ஏற்றிவந்தார்கள். ஆறு மாதத்துக்கு 60 நாள். முதலாளிக்கு அதில் மிஞ்சியது மாதம் சில நூறு. கடை ஆள் குறைத்தபோது அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால் எவ்வளவு? நான்கு சந்தா காலச் சம்பளத்தைக் கூட்டி 730ஆல் வகுத்தால் வருவது ஒரு நாள் சராசரி. தொடக்கத்தில் அதில் 25 சதவீதம் கொடுத்தார்கள், கொரோனா ஆண்டான 2020இல் பாதியாக உயர்த்தினார்கள். 12,000 ரூபாய்க்காரருக்கு 90 நாளுக்குச் சுமார் 17,750 ரூபாய். ஆயுளில் ஒருமுறைதான். வேலை போய் 30 நாள் கழித்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரடியாகக் கேட்கலாம், முதலாளியின் தயவு தேவையில்லை. இது காலவரையறை வைத்து நீட்டிக்கப்படும் திட்டம், நடப்பில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும், பணி ஓய்வு, விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் இது கிடையாது. அதனால் ஆள்குறைப்பு நடக்கும்போது 'நானே விலகுகிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இ.எஸ்.ஐ.க்குக் கொடுக்கும் மாதாந்திரக் கணக்கில் ஒருவர் வேலை பார்த்த நாள் பூஜ்யம் என்றால் முதலாளி காரணமும் குறிக்க வேண்டும். தானாக நின்றது வேறு, ஆள்குறைப்பு வேறு. எதைக் குறித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆலை மூடப்பட்டோ ஆள்குறைப்பிலோ வேலை போனவர்களுக்கு 2005இல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டமும் உண்டு: இரண்டு வருஷம் சந்தா கட்டியிருந்தால் முதல் வருஷம் பாதிச் சம்பளம், அடுத்த வருஷம் கால்.

ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறினாலே பணம் நின்றுபோகும்.

முதலாளிகளுக்கு ஒன்று. சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. இரு பங்கையும் கட்டும் பொறுப்பு உங்களுடையது. நான் கணக்கு எழுதும் இடங்களில், பணம் கட்டியதும் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே ஏற்றிய நாள் கணக்கை ஒரு தாளில் அச்செடுத்து வருகைப் பதிவேட்டின் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறேன்.