தண்ணீருக்கடியில் படபடப்பா? மூச்சை அடக்காதீர்கள்!

போன மாதம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவருக்கு நாற்பது வயது, பாங்க் உத்தியோகம். என்னிடம் பிராணாயாமம் கற்றவர். எல்.டி.சி.யில் அந்தமான் போய், ஸ்கூபா டைவிங்கும் செய்திருக்கிறார்.

"பத்து மீட்டர் ஆழம் டாக்டர். மாஸ்க்குக்குள்ளே கொஞ்சம் தண்ணி வந்துச்சு. அவ்வளவுதான், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. நீங்க சொன்ன மாதிரி மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டு, மேலே போயிடலாம்னு பார்த்தேன். கூட வந்த பையன் விடலை. ஜாக்கெட்டைப் பிடிச்சு நிறுத்திட்டான்!"

"அந்தப் பையன் மேல புகார் கொடுக்கணும்னு குதிச்சாருங்க" என்றார் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரைக் காப்பாற்றியதே அந்தப் பையன்தான். பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32 மாத்திரை என்று திருமூலர் கணக்கையெல்லாம் சொன்ன நான், கும்பகத்தை எங்கே செய்யக் கூடாது என்று சொல்லாமல் விட்டேனே!

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம், கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் வருகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், வர வர விரிந்து இரண்டு மடங்காகப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம்.

"தூத்துக்குடியில சங்கு குளிச்சவங்க மூச்சை அடக்கித்தானே போனாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. நல்ல கேள்வி. அவர்கள் இழுத்தது கரைக்காற்று. ஆழத்தில் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

சரி, படபடப்பு ஏன் முற்றுகிறது? பயத்தில் மூச்சு குட்டை குட்டையாக ஓடும். ஆழத்தில் காற்றும் அடர்த்தி. கரியமில வாயு முழுக்க வெளியேறாமல் தங்கிவிடும். அதுதான் 'காற்று போதவில்லை' என்று மூளையை விரட்டுகிறது. சிலிண்டரில் காற்று இருக்கும்போதே வாயில் கவ்விய குழாயைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு.

ஆகவே மருந்து வெளிமூச்சில்தான் இருக்கிறது. கை கால் உதைப்பதை நிறுத்துங்கள். துணைக்கு வந்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை நீளமாக, கடைசி வரை விடுங்கள். அப்புறம் நிதானமாக இழுங்கள். நடுவில் ஒரு நொடிகூட நிறுத்த வேண்டாம். நாலைந்து முறையில் பதற்றம் தணிய ஆரம்பிக்கும். தணியாவிட்டால் கட்டைவிரலை உயர்த்துங்கள். நம் ஊரில் அது 'சபாஷ்'. அங்கே 'மேலே போகலாம்' என்று அர்த்தம். மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக வர வேண்டும்.

மாஸ்க்கில் தண்ணீர் வந்தால்? மேல் விளிம்பை அழுத்தி, தலையை லேசாக நிமிர்த்தி மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். இதை நீச்சல் குளத்திலேயே பழகியிருந்தால் அவருக்குப் பாதி பயம் வந்திருக்காது.

வீட்டில் தினமும் பத்து நிமிஷம், வாய் வழியாக நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடச் சொல்லியிருக்கிறேன். கும்பகம் கிடையாது.

"லேகியம் ஏதாவது..?" என்று இழுத்தார். மறுத்துவிட்டேன். சின்ன வயதில் வீஸிங் இருந்ததாம். இதை அங்கே படிவத்தில் எழுதாமல் மறைத்திருக்கிறார்! மறுபடி கடலில் இறங்குவதற்கு முன் நுரையீரல் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.