காருக்குள் மழை

சாலைக் கடைத்தெருவின் இரைச்சலைக் கடந்து வலியசாலைக்குள் நுழைந்தால், ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் பழைய வீடுகளும், வாசற் கோலங்களும், காந்தளூர் மகாதேவர் கோயிலும் கண்ணிற் படும். இராசராசன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச்சாலை இதுவே என்பார் உளர்; அன்று என்பாரும் உளர். அவ்வழக்கை வரலாறு பயிலும் நண்பர்களுக்கு விட்டுவிட்டு, அத்தெருவில் என் மாமா வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் கார் ஒன்றைப் பற்றி இங்கு எழுதுகிறேன். காரே இல்லாத நமக்கு இஃது எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேட்கலாம். விடுதி மாடி ஒழுகும்போதும் இதே முறைதான் உதவும். ஆகையால் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த வடிவில், டிரையம்ஃப் என்ற பெயருடன் 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இதனைச் செய்தது. தனியான இரும்புச் சட்டகத்தின்மேல் உடற்பகுதிகளைப் போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்த்த வண்டி இது. கூரையும் அவ்வாறே தனியாகக் கழலும். இதைக் கண்ட என் தாத்தா, இரும்புக் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, மடக்கி விரிக்கும் கான்வாஸ் கூரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். சென்னைக்கு அது பொருத்தமாக இருந்திருக்கலாம். இங்கோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது.

சென்ற ஆனி மாதத்தில் இடப்பக்க முன்னிருக்கையின் காலடியில் நீர் தேங்கிற்று. விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடித்தகடு துருவேறிச் செதில் செதிலாக வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

“ஏண்டா, பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறாயே, இந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறதென்று சொல்லேன் பார்ப்போம். ஐப்பசி மழைக்குள் நிற்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறேன்.”

தாத்தாவின் கார் அது. நான் நடை பழகியதே அதன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் என்று அம்மா சொல்வாள்.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் வரிசையாக இருக்கக் கண்டேன். சாலையில் தெறிக்கும் நீர் இவற்றின் வழியாகத்தான் ஏறுகிறது என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் பசை கொண்டு அடைத்தேன். அடுத்த மழையில் காருக்குள் முன்னைவிட இரண்டு பங்கு நீர்! கதவை அசைத்தால் குடத்தை அசைத்தாற்போல் சளசளவென்று ஓசை கேட்டது.

காரணம் எளிது. ஏற்றி இறக்கும் கண்ணாடி கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது. அதன்மேல் வழியும் மழைநீரும் உடன் இறங்கும். விளிம்பிலுள்ள ரப்பர் எவ்வளவு புதியதானாலும் ஓரளவு இறங்கியே தீரும். அந்நீர் வெளியேறவே அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒரு தாளும் ஒட்டியிருக்க வேண்டும். உட்பக்கம் தெறிக்கும் நீரைத் தடுத்து மீண்டும் கதவுக்குள் விடுவது அது. எங்கள் காரில் அத்தாள் என்றோ கிழிந்து போயிருந்தது. ஆக, வெளியேறும் வழியை நான் அடைத்தேன். உள்ளே வரும் வழி திறந்தே கிடந்தது. துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, அதன் அடிவிளிம்பு கதவுக்குள் செல்லுமாறு ஒட்டினேன். பாதி நீர் நின்றது.

மீதிப் பாதிக்குத்தான் முறையாகச் சோதனை செய்ய நேர்ந்தது. நீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. தகட்டின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே அது நெடுந்தூரம் ஊர்ந்து, ஏதேனும் ஒரு முனையையோ திருகாணியையோ கண்ட இடத்தில்தான் சொட்டாக விழும். சொட்டைக் கண்ட இடத்தில் பசை பூசினால் பசைதான் செலவாகும். இதற்குமுன் ஒரு பட்டறையில் முன்கண்ணாடியைச் சுற்றி அவ்வாறே சிலிகோன் பசையை அப்பியிருந்தார்கள். அதனைச் சுரண்டியபோது உள்ளே துரு. உலரும்போது காடி நாற்றம் வீசும் சிலிகோன் வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. இரும்புத் தகட்டுக்கு அஃது ஆகாது. கண்ணாடி ரப்பரின் இடுக்குக்கு இறுகிப் போகாத மாஸ்டிக் வகைப் பசையே ஏற்றது.

விரிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையில் செய்தித்தாள் பரப்பினோம். சந்தேகப்பட்ட இடுக்குகளின் உட்புறத்தில் மாமியிடம் வாங்கிய கோலமாவைத் தூவினேன். நீர் சென்ற தடம் அதில் கோடாகத் தெரியும். மாமாவின் மகன் வெளியே குழாயைப் பிடித்தான். நான் டார்ச்சு விளக்குடன் உள்ளே படுத்தேன். நீரைப் பீய்ச்சலாகாது, மழை போல் மெல்ல வழிய விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே செல்ல வேண்டும். மேலே ஊற்றினால் அது வழிந்து எல்லா இடுக்குகளையும் நனைக்கும். எது குற்றவாளி என்று எப்படி அறிவது? ஓரிடத்துக்கு ஐந்து நிமிடம். அதன்பின்தான் அடுத்த இடம். ஒருநாள் மாலை முழுவதும் இதற்கே சென்றது. தெருவார் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக முழுவதும் கவிழ்ந்து திறக்கும். ஆதலால் எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவேயுள்ள தகட்டுச் சுவரை நன்றாகப் பார்க்கலாம். கம்பிகள் நுழையும் ஓட்டைகளில் இரண்டு ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தன. ஆயினும் அங்கே மாவு நனையவில்லை. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பிலும் இல்லை. மேல் இடமூலைக்கு வந்தபோது, நான்காம் நிமிடத்தில், மாவில் ஒரு கோடு இறங்கிற்று! கண்ணாடிச் சட்டத்தின் உள்ளேயே ஓடி, ஏறத்தாழ மூன்றடி தள்ளி, காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது அது.

ரப்பரை உருவிப் பார்த்தேன். வளைத்த இடமெல்லாம் குறுக்கு வெடிப்பு. இயற்கை ரப்பரின் மூலக்கூறுகளிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி அறுக்கிறது. இழுபட்டு நிற்கும் இடத்தில் வெடிப்பு விரைவாகும். ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பரின் முதுகெலும்பில் அப்பிணைப்பு இல்லை. அது நெடுநாள் தாங்கும். ரப்பர் தோட்டங்கள் நிறைந்த கேரளத்தில், செயற்கை ரப்பர்ப் பட்டை தேடிச் சாலைக் கடைத்தெருவில் மூன்று நாள் அலைந்தேன் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகும் இடம் ஒன்றும் இருந்தது. கார் விரையும்போது கூரைமேல் வளைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறைகிறது. துணி பலூன்போல் எழும்புகிறது. அதன் முன்விளிம்பு ரப்பரை விட்டுச் சற்றே விலகுகிறது. இதைக் குழாயால் காண முடியாது. ஆகவே ஒரு மேசை விசிறியை ஜன்னலில் வைத்து, சுற்றிலும் அட்டையால் மறைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளச் செய்தோம். கூரையின் விளிம்பை ஒட்டி வெளியே ஊதுவத்தியைக் காட்டிச் சென்றான் தம்பி. வலப்பக்கக் கொக்கிக்கு அருகில் புகை நூல்போல் உள்ளே நுழைவதை டார்ச்சு வெளிச்சத்தில் கண்டேன். கொக்கியைச் சற்று இறுக்கியதும் நின்றது. இதற்குக் காசு செலவில்லை.

கான்வாஸின் தையலும் கசிந்தது. பருத்தி நூல் நனைந்தால் பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும், பிற்காலத்தில் யாரோ நைலான் நூலால் தைத்திருந்தார்கள், அது பருப்பதில்லை. தையல் மேல் மெழுகு தேய்த்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்குமோ!

துருவேறிய அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தாயிற்று. சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளில் இடப்பக்கத்து ஒன்று அரைவாசி அரிக்கப்பட்டிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அதற்கான செலவைப் பார்த்து மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கொடுத்தார்.

ஐப்பசியில் ஓர் இரவு முழுவதும் பெய்தது. விடியுமுன் மாமா எழுந்து சென்று செய்தித்தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கைக்கு அடியில் ஓர் உள்ளங்கை அகலம் நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்திருந்தது. “அது எங்கிருந்துடா வருகிறது?” என்றார். மறுநாள் ஞாயிறு, மாமியிடம் மீண்டும் கோலமாவு கேட்டேன்.