சுரங்க வாசலில் எடுக்கவேண்டிய முடிவுகள்

பாமன்கடை,
கொழும்பு 6.

அன்புள்ள மருமகள் மதுராவுக்கு,

தோழிகள் மூவரோடு நரோபோட் என்ற ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹெயார்காசில் கால்வாய்ச் சுரங்கத்தைக் கடக்கப் போகிறாயாம். உன் அம்மா சொன்னாள். "அண்ணா, இதெல்லாம் தேவையா? நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றும் சொன்னாள். போகாதே என்று நான் எழுதப்போவதில்லை. இங்கிலாந்தில் வேலைபார்த்த காலத்தில் நானும் அந்தச் சுரங்கத்தைக் கடந்திருக்கிறேன். நீயும் போ. ஆனால் ஒழுங்காகத் திட்டம் போட்டுக்கொண்டு போ.

நீ கால்வாய்க் கரையில் வளர்ந்த பிள்ளை. ஆனாலும் கால்வாய்ச் சுரங்கம் உனக்கு முற்றிலும் புதிய இடம். நம் ஊர்க் கால்வாய்கள் எல்லாம் தாழ்நிலத்தில் வெட்டியவை. 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயும் களனி ஆற்றிலிருந்து நீர்கொழும்பு வரை கடலோரச் சமவெளியில்தான் போகிறது. படகுக்காக மலையைக் குடையவேண்டிய தேவை நமக்கு வரவில்லை. கொழும்பு முகத்துவாரத்தில் நிலத்தடிச் சுரங்கம் இருக்கிறது. அது மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் வழி, படகுப் பாதை அல்ல.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நிலைமை வேறு. ஸ்டோக் நகரைச் சுற்றிய ஊர்களில் பீங்கான் செய்தார்கள். கரடுமுரடான தெருவில் வண்டியேற்றினால் பாதிப் பாத்திரம் உடைந்துபோகும். அதனால்தான் பீங்கான் தொழிலதிபர் ஜொசையா வெஜ்வூட் கால்வாய் வேண்டுமென்று முன்னின்று உழைத்தார். 1766இல் ட்ரென்ட் அன்ட் மேர்சி கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. பொறியியலாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. வழியில் ஹெயார்காசில் குன்று குறுக்கே நின்றது. அதைக் குடைந்து முடிக்கப் பதினொரு வருடங்கள் பிடித்தன. 1777இல் சுரங்கம் திறந்தபோது பிரிண்ட்லி உயிரோடு இல்லை, 1772இலேயே காலமாகிவிட்டார்.

அந்தச் சுரங்கம் மிகவும் ஒடுக்கம். குதிரை நடக்க இடமில்லை. குதிரைகளைக் குன்றின் மேலாக நடத்திக் கொண்டுபோனார்கள். படகுக்காரர் மல்லாந்து படுத்து, சுவரிலும் கூரையிலும் காலை ஊன்றி உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். ஒரு முறை கடக்க மூன்று மணி நேரம்வரை ஆனது. நெரிசல் தாங்காமல் தோமஸ் டெல்ஃபோர்ட் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் குடைந்தார். மூன்றே வருடத்தில் வேலை முடிந்து 1827இல் திறந்தது. நீ போகப்போவது அதற்குள்ளேதான். நீளம் 2,676 மீற்றர். கடக்க ஏறத்தாழ நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தில் உன் படகைத் திருப்ப முடியாது. ஒரு படகின் அகலத்துக்குத்தான் வழி. கரையேற நடைபாதையும் இல்லை. எதிரே படகு வராது; ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் விடுவார்கள். ஆகவே நீ மனதில் வைக்கவேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே போனபின் முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்காதே. சுரங்கப் பயணத்தின் வேலையெல்லாம் வாசலுக்கு வெளியே செய்யும் வேலைதான்.

முதலில் பாதையைத் தீர்மானி. நான்கு மாவட்டங்களைச் சுற்றும் 'ஃபோர் கவுன்டீஸ் ரிங்' என்ற வட்டப் பாதையில் போக ஆசைப்படுகிறாயாம். அது ஏறத்தாழ 110 மைல், 94 லொக். லொக் என்பது இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகும் தொட்டி. படகுக்காரர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மைலையும் லொக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். கூட்டிப் பார்: 204. மூன்றால் வகுத்தால் 68 மணி நேரம். ஒரு கிழமைக்குள் முடிக்க நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைக்கவேண்டும். பழகாத நால்வருக்கு அது அதிகம். களைத்துப்போய்ச் சுரங்க வாசலுக்கு வந்து சேருகிற ஆள் படகு ஓட்டக்கூடாது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய். ஸ்டோக்கின் எட்ரூரியாப் பக்கம் படகு கிடைக்குமா என்று பார். அங்கேயுள்ள மேல் லொக்கிலிருந்து சுரங்கத்தின் மறுபக்கம் கிட்ஸ்குரோவ் வரை கால்வாய் ஒரே மட்டத்தில் போகிறது. நடுவில் லொக் ஒன்றும் இல்லை. சுரங்கம் தாண்டியதும் ஹார்டிங்ஸ் வூட் சந்தியில் மக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாய்க்குத் திரும்பலாம். அது சற்றுத் தூரம் போய், நீ வந்த கால்வாயையே பாலத்தில் ஏறிக் கடக்கிறது. தண்ணீருக்கு மேல் தண்ணீர் போவதை அங்கே பார்ப்பாய். பிறகு படகைத் திருப்ப அகலமான இடம் பார்த்துத் திரும்பி, மறுநாள் அதே சுரங்கத்தால் வரலாம். முதற் பயணத்துக்கு இது போதும்.

நாளைத் தீர்மானிப்பதும் முக்கியம். குளிர்காலத்தில் கால்வாய்களைத் திருத்த அங்கங்கே மூடுவார்கள். 2012 முதல் இவற்றைப் பராமரிப்பது 'கனல் அன்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை. அவர்களுடைய அறிவித்தலைப் பதிவு செய்யுமுன்னும் புறப்படும் காலையிலும் பார். சுரங்கம் திறக்கும் நேரம், கடைசிப் படகை உள்ளே விடும் நேரம், முன்பதிவு தேவையா என்பதெல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும். கடைசி நேரத்துக்கு ஓடிப்போய்ச் சேரும்படி திட்டம் போடாதே. முதல்நாள் மாலையே வாசலுக்கு அருகில் படகைக் கட்டிவிடு. வாடகைக் கம்பனிகள் வயது எல்லை வைப்பதுண்டு. பணம் கட்டுமுன் உங்கள் நால்வரின் வயதையும் சொல்லிக் கேள்.

அடுத்தது காற்று. இதை உன் அம்மாவின் பயத்துக்காக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தெற்கே பிளிஸ்வேர்த் சுரங்கத்தில் 1861இல் நீராவிப் படகு ஒன்றின் புகையில் மூச்சுத் திணறி இருவர் இறந்தார்கள். அதன் பிறகே அங்கே காற்றுக்குழிகள் கூடுதலாக வெட்டினார்கள். ஹெயார்காசிலில் 1914 முதல் 1954 வரை மின்சார இழுவைப் படகுதான் மற்றப் படகுகளை இழுத்துப் போனது. அது நின்றபின் தென் வாசலில் பெரிய விசிறிகள் பூட்டினார்கள். படகுகள் உள்ளே போனதும் அங்கே கதவை மூடி விசிறியைப் போடுவார்கள். வடக்கிலிருந்து நல்ல காற்று இழுபட்டு வரும். கதவு மூடும் சத்தமும் விசிறியின் இரைச்சலும் கேட்டால் பயப்படாதே. அது உங்களுக்கு மூச்சு அனுப்பும் சத்தம்.

ஆனால் படகுக்குள் இருக்கும் காற்றுக்கு நீதான் பொறுப்பு. அடுப்பிலிருந்து வரக்கூடிய காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் தூக்கமும் வந்தபிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. அதற்குரிய எச்சரிக்கைக் கருவி 2019 ஏப்ரல் முதல் அங்குள்ள படகுகளில் கட்டாயம். படகை ஏற்கும்போதே அதன் பொத்தானை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார். சுரங்கத்துக்குள் போகுமுன் காஸ் அடுப்பு, விறகு அடுப்பு, மெழுகுதிரி எல்லாம் அணைந்திருக்கவேண்டும். உள்ளே போய்த் தேத்தண்ணி போடலாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. வாசலில் குடித்துவிட்டு ஏறுங்கள்.

வாசலில் காவலர் நிற்பார்கள். உன் படகின் முன்விளக்கு எரிகிறதா, ஊதுகுழல் சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார்கள். உயரம் சரியா என்றும் பார்ப்பார்கள். அவர்கள் சொல்லும் விதிகளை நால்வரும் சேர்ந்து நின்று கேளுங்கள். ஒருத்தி கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வது சரிவராது. எஞ்சின் நின்றால் எப்படிச் சமிக்ஞை கொடுப்பது என்பதை அவர்களிடமே கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டு. எல்லாரும் உயிர்காப்பு அங்கி போடவேண்டும். டீசல் போதுமா என்று பார். கைக்கு ஒரு டோர்ச் லைட் வை. கோடையிலும் உள்ளே குளிர். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். தடித்த சட்டையும் மழைக்கோட்டும் வெளியிலேயே போட்டுக்கொள். கிட்ஸ்குரோவ் பக்கத்தில் தண்ணீர் செம்மஞ்சளாக இருக்கும். குன்றிலுள்ள இரும்புத் தாது கரைந்து வந்த நிறம் அது.

இனிச் சுக்கான். நரோபோட்டின் அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் எழுபதடிவரை போகும். ஓட்டுபவர் பின்முனையில் நிற்பார். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் முன்முனை வலப்பக்கம் போகும். இதைக் கை பழகாமல் சுரங்கத்துக்குள் போகாதே. அகலமான திறந்த கால்வாயில் நீயும் இன்னொருத்தியும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். கால்வாயில் வேக எல்லை மணிக்கு நாலு மைல். சுரங்கத்துக்குள் அதிலும் குறைத்துக்கொள். சுவரைப் பார்த்து ஓட்டினால் படகு சுவருக்கே போகும். விளக்கு விழும் தூரத்தைப் பார்த்து ஓட்டு. அறைக்குள் விளக்கைப் போட்டுத் திரைச்சீலையைத் திறந்துவிட்டால் இரு பக்கச் சுவரிலும் வெளிச்சம் விழும். நடுவில் போகிறாயா என்று தெரியும். நிலக்கரி தோண்டியதால் குன்று அமிழ்ந்து, சில இடங்களில் கூரை மிகத் தாழ்ந்திருக்கிறது. 1973இல் இதே சுரங்கம் பழுதாகி மூடப்பட்டு, 1977இல்தான் திரும்பத் திறந்தது. கூரை தாழும் இடத்தில் குனி. கையை ஒருபோதும் வெளியே நீட்டாதே. சுவரில் இடித்தாலும் கையாலோ காலாலோ தள்ளப் பார்க்காதே. பல தொன் எடையுள்ள இரும்பு அது.

தோழிகளில் யாருக்காவது மூடிய இடம் என்றால் பயமா? வெட்கப்படாமல் சொல்லும்படி முதல்நாளே கேள். கேலி செய்யாதே. பேய் ஒன்று உலாவுவதாக அந்த ஊரில் கதை உண்டு. பயந்தவளுக்கு அதைச் சொல்லாதே. அவள் சுரங்கத்துக்குள் வந்தேயாகவேண்டும் என்பதில்லை. அந்தக் காலத்தில் குதிரைகள் போன வழி போட்ஹோர்ஸ் ரோட் என்ற பெயரில் குன்றின் மேல் இன்னும் இருக்கிறது. அவள் இன்னொருத்தியின் துணையோடு அந்த வழியாக நடந்துபோய் மறு வாசலில் படகில் ஏறலாம். இரண்டு பேர் சுக்கானுக்கும் முன்பார்வைக்கும் போதும்.

மதுரா, இதையெல்லாம் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினால் போதாது. ஒரு தாளை எடுத்து எழுது: எந்த நாள், எந்த வழி, யார் சுக்கான், யார் முன்னுக்கு, யார் நடை, எதை அணைப்பது, யாரை அழைப்பது. நால்வரும் அதை வாசிக்கட்டும். பிறகு ஒரு படி எனக்கும், ஒரு படி உன் அம்மாவுக்கும் அனுப்பு. புறப்படும் நாளும் மறு வாசலுக்கு வந்த நேரமும் அவளுக்குத் தெரியவேண்டும். வாசலில் நிற்கும்போது அந்தத் தாளில் ஒரு விடயமாவது சரியில்லை என்று பட்டால், அன்று போகவேண்டாம். சுரங்கம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
மாமா