குளிர் நாட்டில் உள்ளி நடுவோம்

உள்ளிக்குக் குளிர் வேணும். ஒன்றிரண்டு மாதம் 10 பாகைக்குக் கீழான குளிர் பட்டால்தான் பூடு பல்லுப் பல்லாகப் பிரியும். அதனால் இங்கிலாந்தில் ஒக்ரோபர், நவம்பரிலேயே நடுங்கோ. வெயில் வரட்டும் என்று பிந்தி நட்டால் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டைதான் வரக்கூடும்.

சமையலுக்கு வாங்கிய உள்ளியை நடாதேங்கோ. அது வெப்பநாட்டு இனமாயிருக்கலாம், நோயும் கொண்டுவரலாம். தோட்டக் கடையில் விதை உள்ளி கேளுங்கோ. கடுந்தண்டு இனமான லோட்ரெக் வைற் நல்ல மணம், பூந்தண்டையும் வறுத்துச் சாப்பிடலாம். ஆனால் கனநாள் வைக்கேலாது. மென்தண்டு இனமான சொலன்ற் வைற் மாதக்கணக்கில் கிடக்கும். கையில் காசு குறைந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் படுவது அதுதான்.

நட்டு எடுக்க எட்டு ஒன்பது மாதம் செல்லும். வழக்கு முடியாதவர்களை அதற்கிடையில் வேறு நகரத்து வீட்டுக்கு மாற்றக்கூடும். ஆகவே நிலத்தில் நடாமல், அடியில் ஓட்டை போட்ட, 20 சென்ரிமீற்றராவது ஆழமான வாளியில் நடுங்கோ. பல்லின் கூர்முனை மேலே பார்க்கவேணும், அதற்கு மேல் இரண்டு விரல் மண். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

யூன், யூலையில் கீழ் இலைகள் மஞ்சளானதும் கிளப்பி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று கிழமை காயவிடுங்கோ.

மாற்றக் கடிதம் வந்தால், வாளியை வாகனத்தில் ஏற்றலாமா என்று முதலே கேளுங்கோ. ஏலாது என்றால் அப்படியே பிடுங்குங்கோ. பச்சை உள்ளியை இலையோடு கறிக்குப் போடலாம்.